அடிக்கு ஒரு நூல்

2025 பிப்ரவரி 13, வியாழக்கிழமை. கோவையில் கணபதிப் பகுதியை ஒட்டிய ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில், 214ஆம் எண் கல்லறைக்கு இடப்பக்கம் உள்ள நடைபாதையில், காலை ஏழரை மணிக்குக் குழி தோண்டத் தொடங்கினார்கள். அன்று அந்தப் பங்கில் யாரும் இறந்திருக்கவில்லை.

தோண்டச் சொன்னவர் தனிஸ்லாஸ். எழுபத்து நான்கு வயது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் குழிக்கு ஆறடி தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் சுருட்டிய வரைபடத் தாள், சட்டைப் பையில் டேப், காதில் செருகிய பென்சில். 214ஆம் எண் அவர் மனைவி பொன்னாத்தாளின் கல்லறை.

குழிக்குள் இடுப்பளவு இறங்கியிருந்தவர் மாசாணம். அந்தப் பங்கில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குழி வெட்டுபவர்.

“ஏனுங் மேஸ்திரி, படுக்கப்போற ஆளே பக்கத்துல உக்காந்து பாத்துட்டிருக்கையில குழி வெட்டறது எனக்கு இதுதானுங்க மொதத் தடவை.”

“பாத்துக்கறேன் மாசாணம். பொறவு சரியில்லேன்னா நான் எந்துருச்சு வந்து சொல்ல முடியுமா?”

“வந்தீங்கன்னா கேக்கறதுக்கு நான் நிக்க மாட்டனுங்க.”

வேப்பமரத்தடியில் நின்றிருந்த மகள் இளவேனில் சிரிக்கவில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். என்ன காரணம் எழுதுவது என்று யோசித்து, கடைசியில் ‘குடும்ப வேலை’ என்று எழுதியிருந்தாள்.

தனிஸ்லாஸ் நாற்பத்தோரு ஆண்டுகள் பேட்டர்ன் மேஸ்திரியாக இருந்தவர். பம்புக்கும் மோட்டாருக்கும் இரும்பு வார்ப்பதற்கு முன்னால், அதே உருவத்தை மரத்தில் செய்து கொடுக்க வேண்டும். அதுதான் பேட்டர்ன். ஃபவுண்டரியில் அந்த மர உருவை மண்ணில் புதைத்து, சுற்றிலும் இடித்து இறுக்கி, பிறகு அலுங்காமல் உருவி எடுப்பார்கள். உருவிய இடத்தில் நிற்கும் பள்ளத்தில் இரும்பை ஊற்றுவார்கள். ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஒரு நூல், அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எனவே மர உருவை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்று பேட்டர்ன்காரர்களிடம் தனி ஸ்கேல் உண்டு. ஒவ்வோர் அடியும் ஒரு நூல் நீட்டிக் கோடு போட்ட ஷ்ரிங்கேஜ் ஸ்கேல். சாதாரண ஸ்கேலோடு சேர்த்து வைத்துப் பார்த்தாலொழிய வித்தியாசம் தெரியாது.

போன டிசம்பரில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த நான்காம் நாள் வரைபடத் தாளைப் பலகையில் விரித்து, கிளிப் மாட்டி, தன் அடக்கத்தை வரையத் தொடங்கினார். தாளின் மூலையில், ஃபவுண்டரி வேலைகளுக்கு எழுதுவதுபோலவே கட்டம் கட்டி எழுதினார்: வேலை – தனிஸ்லாஸ். எண்ணிக்கை – 1.

“இதெல்லாம் எதுக்குங்கப்பா இப்ப? நாளைக்கேவா கெளம்பறீங்க?” என்றாள் இளவேனில்.

“டிராயிங் இல்லாம நான் எந்த வேலைல கை வெச்சிருக்கேன் கண்ணு?”

தாளின் வலப்பக்கம் குறிப்புகள். ஃபிரீசர் பெட்டி ஒரு நாளைக்கு மேல் கூடாது. திருப்பலி மூன்று மணிக்கு. பாட்டு மூன்று போதும். நான்காவது பாட்டுக்குக் கூட்டம் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடும். வீட்டார் சார்பில் ஒரே மாலை. ஃப்ளெக்ஸ் வேண்டாம். இந்தக் கடைசிக் குறிப்பின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தார். “செத்ததுக்குப் பொறவு முக்குல நின்னு பல்லக் காட்டீட்டிருக்கறதுக்கு எனக்கு ஆகாது.”

இடப்பக்கம் குறுக்குவெட்டுத் தோற்றம். கீழே ஒரு பெட்டி, அதன்மேல் ஒரு பெட்டி, அதற்குமேல் மண். கீழ்ப் பெட்டி பொன்னாத்தாளுடையது. அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில் மட்டும் கேள்விக்குறி.

மேல் பெட்டியை அவரே செய்தார். தேக்கு, பழைய நண்பர் அப்துல் மஜீதின் மரக்கடையிலிருந்து வந்தது. மஜீத் தானே ஆட்டோவில் ஏறி வந்து பலகைகளை இறக்கிவைத்தார்.

“ஏனப்பா தனிசு, எங்காளுக மூணு துணியைச் சுத்திட்டுப் போய்ச் சேர்றோம். நீ மட்டும் தேக்குல போயி அங்க என்ன கல்யாண மண்டபமா கட்டப் போறே?”

“பலகைல முடிச்சு இருக்குது பாரு. மாத்திக் குடு.”

“கரையான் முடிச்சுப் பாத்தா திங்குது? போ, மாத்தித் தாரேன்.”

பெட்டியைத் தொடங்கும் முன் ஷ்ரிங்கேஜ் ஸ்கேலை அலமாரியில் வைத்துப் பூட்டினார். கை பழக்கத்தில் அதை எடுத்துவிடக் கூடாது. சாதாரண டேப்பால் அளந்தார். ஐந்து வாரம் ஆனது. உயரம், மூடியோடு, பதினெட்டு அங்குலம்.

எல்லாம் முடிந்து தாளோடு பங்குத் தந்தையைப் பார்க்கப் போனார். இளம் குருவானவர். தாளை மேசையில் விரித்து நெடுநேரம் பார்த்தார். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

“அம்மா கல்லறையிலேயே வைக்கலாம். எட்டு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, தடையில்லை. வழக்கமா என்ன செய்வோம்னா, பழைய எலும்பை எடுத்துத் துணியில கட்டி, கால்மாட்டுல வெச்சுட்டு…”

“அது வேண்டாம் சாமி.”

“எல்லாக் குடும்பத்துலயும் அப்படித்தான் செய்யறாங்க.”

“அவளைத் தூக்கக் கூடாதுங்க.”

பொன்னாத்தாள் கடைசி நாற்பது நாட்களை மருத்துவமனையில் கழித்தாள். கட்டிலிலிருந்து டிராலிக்கு, டிராலியிலிருந்து ஸ்கேன் மேசைக்கு, வார்டிலிருந்து தீவிர சிகிச்சைக்கு, மறுபடி வார்டுக்கு. ஒவ்வொரு முறையும் நான்கு பேர் நான்கு மூலையில் போர்வையைப் பிடித்துத் தூக்கினார்கள். எலும்பெல்லாம் நோவு. கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “இனி என்னய யாரும் தூக்கக் கூடாதுங்க. சொல்லிப்போட்டேன்.” ஆகட்டும் என்றார் அவர். அடக்கத்துக்குத் தூக்கியதுதான் கடைசி என்று அன்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொண்டார்.

குருவானவர் விதியைச் சொன்னார். கீழே இருப்பவரை எடுக்காமல் மேலே ஒருவரை வைக்க வேண்டுமானால், மேலே வருபவருக்கு மேல் குறைந்தது மூன்றடி மண் நிற்க வேண்டும். மழையில் ஒருமுறை அரித்துப்போனதால் பங்குப் பேரவை போட்ட விதி அது. அந்த வரிசையில் அடியில் பாறை. எந்தக் குழியும் ஆறடி போகவில்லை. பொன்னாத்தாள் எத்தனை அடியில் இருக்கிறாள் என்பது பதிவேட்டில் இல்லை.

“பக்கத்துல நடைபாதைல தோண்டிப் பாத்துக்கலாங்களா சாமி? அவளைத் தொடாம?”

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை வந்தது.

அங்கே மண் சுக்காங்கல் கலந்த களி. நனைந்தால் பசை, காய்ந்தால் சிமென்ட். மாசாணம் கடப்பாரையால் குத்தி, மண்வெட்டியால் அள்ளி, மெதுவாகவே இறங்கினார். கல்லறைப் பக்கம் ஒரு சாண் அகல மண் சுவரை விட்டுவைத்திருந்தார். நான்கடி தாண்டியதும் கடப்பாரையை வைத்துவிட்டுக் கொத்துக்கரண்டியை எடுத்தார். ஐந்தடி நான்கு அங்குலத்தில் பாறை தட்டியது.

“அன்னிக்கும் இதே பாறைதானுங்க. இதுக்குமேல அன்னிக்கு எறங்க முடியலே. அந்தப் பெட்டி எறங்கவும் இல்லீங்க, ஞாபகம் இருக்குதுங்களா? நீங்க குடுத்த அளவுக்குத்தான் வெட்டியிருந்தேன். பெட்டி நாலாபக்கமும் இடிச்சுப்போட்டுது. சுத்தீலும் சொரண்டிச் சொரண்டித்தான எறக்குனோம். மழை வேற, ஒரே சேறு.”

தனிஸ்லாசுக்கு ஞாபகம் இருந்தது. குழிதான் சின்னது என்று அப்போது நினைத்திருந்தார்.

மாசாணம் சுவரை உள்ளங்கையால் தட்டினார். சத்தம் வேறாகக் கேட்டது. இன்னொரு முறை தட்டியபோது சுவரின் நடுப்பகுதி, இரண்டடி அகலத்துக்கு, பலகை போல ஒரே துண்டாகப் பெயர்ந்து அவர் மேல் சாய்ந்தது. நெஞ்சால் தாங்கிப் பிடித்துக்கொண்டார். உடையவில்லை.

இளவேனில் ஓடிவந்தாள். “அப்பா, நீங்க பாக்காதீங்க!”

“அம்மணி, பயப்படாதீங்க,” என்று மாசாணம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஒண்ணுந் தெரியலே. மரம் பூராவும் கரையான் தின்னுபோட்டுது. மேல் மண்ணு உள்ள எறங்கி மூடியிருக்குது. அம்மா அவிக பாட்டுக்கு இருக்கறாங்க.”

பிறகு அவர் கையில் தாங்கியிருந்த துண்டைத் திருப்பினார். பெட்டியோடு ஒட்டியிருந்த பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டார்.

“மேஸ்திரி. சித்த இக்கட்ட வாங்க.”

துண்டைக் குழியின் விளிம்பில் படுக்கவைத்தார்கள். தனிஸ்லாஸ் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மண்டியிட்டார்.

களிமண்ணில் ஒரு பலகை இருந்தது. பலகை இல்லை, பலகையின் ரேகை. மெஷின் பேக்கிங்குக்கு வந்த பைன் மரத்தின் வரி ஒவ்வொன்றும், ஒரு முடிச்சும், அந்த முடிச்சைச் சுற்றி வரிகள் வளைந்து போகும் விதமும் அப்படியே பதிந்திருந்தன. ஸ்க்ரூ தலைகள் மூன்று குழிந்திருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஸ்க்ரூ டிரைவர் போகும் காடி மட்டும் மெல்லிய வரப்பாக எழுந்து நின்றது. இடது ஓரத்தில் உளி வழுக்கிய ஒரு கீறல். அந்தக் கீறலை அவர் போட்டது 2016 ஜூலையில், அவள் இறந்த அன்று காலை ஒன்பது மணி வாக்கில், அவள் பெட்டியைச் செய்துகொண்டிருந்தபோது. அந்தப் பெட்டி இன்று உலகத்தில் இல்லை. ஒரு சிம்பு கூட மிச்சமில்லை. ஆனால் கை வழுக்கியது இருந்தது.

நடுவில் எழுத்துகள். கடையில் கிடைக்கும் பேட்டர்ன் எழுத்துகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். அதனால் அன்று மரத்தகட்டில் தமிழில் அவரே வெட்டி, மண்ணிலிருந்து உருவும்போது ஓரம் உடையாமல் வர எல்லா எழுத்துக்கும் செய்வதுபோல் லேசாகச் சரிவு சீவி, பக்கப் பலகையில் ஒட்டியிருந்தார். யாரும் உருவப்போவதில்லை என்பது அன்று உறைக்கவில்லை. மண்ணில் அவை குழிந்து, வலமிடம் மாறி, கடைசி எழுத்து முதலாகப் பதிந்திருந்தன. இளவேனிலுக்கு வாசிக்கச் சற்று நேரம் பிடித்தது. அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. நாற்பத்தோரு ஆண்டுகள் மண்ணில் மாறிய எழுத்துகளை வாசித்தவர்.

பொன்னாத்தாள்.

வேப்பமரத்தில் ஒரு காகம் கத்திவிட்டுப் போனது. சத்தி ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. தனிஸ்லாஸ் டேப்பை எடுத்தார். ஒரு முனையை மாசாணம் பிடித்துக்கொண்டார். பெட்டியின் உயரம் அவருக்குத் தெரியும்: மூடி உள்பட பதினேழு அங்குலம். மனதிலேயே அளவு வைத்துச் செய்தது. டேப்பில் பதினேழுக்கு மேல் கொஞ்சம் காட்டியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். பதினேழு அங்குலம், ஒன்றரை நூல். முன்னும் பின்னும் ஒரு மயிரிழை இருக்கலாம்.

அவர் தன் வேலையில் ஒன்றரை நூல் தவறியதில்லை. அரை நூல் தவறியதில்லை.

அடிக்கு ஒரு நூல். பதினேழு அங்குலத்துக்கு ஒன்றரை நூல். கணக்கு சரியாக இருந்தது. அன்று காலை எல்லோரையும் பட்டறைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டுத் தனியாக நின்றபோது, கண் எதையும் பார்க்கவில்லை. கை பெஞ்சில் கிடந்த ஷ்ரிங்கேஜ் ஸ்கேலை எடுத்திருக்கிறது. நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் அதிலேயே போட்டிருக்கிறது. அதனால்தான் பெட்டி குழியில் இடித்தது. இடித்ததால்தான் களி அதை இறுக்கிப் பிடித்திருக்கிறது. சவப்பெட்டி என்று நினைத்து அவர் செய்தது ஒரு பேட்டர்ன். சுருங்குவதற்கு இடம் விட்டு, ஓரம் சரித்து, பெயர் பொறித்து, மண்ணில் இறக்கி இடித்திருக்கிறார்கள். எட்டரை வருடத்தில் மரம் உருவப்பட்டுவிட்டது. அச்சு நிற்கிறது.

அவர் அப்படியே மண்டியிட்டிருந்தார். இளவேனில் பயந்துபோய் அவர் தோளைத் தொட்டாள்.

“மாத்திரை போடறீங்களாப்பா?”

“எனக்கு ஒண்ணுமில்ல கண்ணு.” எழுத்தின் விளிம்பை விரலால் காட்டி, “ஒரு ஓரமும் உடையலே பாரு,” என்றார்.

அவள் போனில் அந்தத் துண்டைப் படம் எடுத்தாள். பிறகு திரையில் எதையோ தொட்டாள். படம் இடவலமாகத் திரும்பியது. அம்மாவின் பெயர் நேராக வந்தது. அவள் அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனைக் கையால் மெல்ல விலக்கினார்.

“அதை நீ திருப்ப வேண்டாம்மா. அது ஊத்தறவன் வேலை.”

மாசாணம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எப்போது அவிழ்த்தார் என்று அவருக்கே தெரியாது.

பிறகு கணக்குக்கு வந்தார்கள். பாறை ஐந்தடி நான்கு அங்குலத்தில். பெட்டி பதினேழு. எனவே அதன் மேல் விளிம்பு நாற்பத்தேழு அங்குல ஆழத்தில். மூன்றடி மண் போக மிச்சம் பதினொன்று. அவர் செய்துவைத்த தேக்குப் பெட்டி பதினெட்டு.

“ஏழு அங்குலந்தானுங்க,” என்றார் மாசாணம். “நான் எறக்கி மூடிப்போடறேன். ஃபாதர் என்ன டேப்பு வெச்சா பாக்கப் போறாரு?”

“நான் பாத்துப்போட்டேனே.”

“பெட்டியை இழைச்சுக் கொறைச்சுக்கலாங்கப்பா,” என்றாள் இளவேனில்.

“ஆளு பத்து அங்குலம் இருக்கறேன். மேல பலகை, கீழ பலகை. மூக்கு இடிக்கும்.” தாளை விரித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்து, கேள்விக்குறியை அடித்து, நாற்பத்தேழு என்று எழுதினார். மேல் பெட்டியின் கோடுகளை ரப்பரால் அழித்தார். உள்ளே வரைந்திருந்த மனித உருவை மட்டும் விட்டுவைத்தார்.

இளவேனிலுக்குப் புரிந்துவிட்டது. “பெட்டி இல்லாமயா? அப்பனைத் துணில சுத்திப் போட்டுட்டாள்னு ஊரே என்னைத்தான பேசும்? அஞ்சு வாரம் மருந்து சாப்பிடக்கூட எந்திரிக்காம செஞ்சீங்களே அத!”

“பேசட்டும். டிராயிங்கைக் காட்டு.”

“டிராயிங்கக் காட்டு, டிராயிங்கக் காட்டு! வாரவிக ஒவ்வொருத்தருக்கும் குறுக்குவெட்டு வெளக்கீட்டு நிக்கட்டுமா நான்? க்ளாஸா எடுக்கறேன்?” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழி விளிம்பில் கிடந்த எழுத்துகளை இன்னொரு முறை பார்த்தாள். அதன் பிறகு பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

துண்டை எடுத்த இடத்திலேயே, எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி திரும்ப வைக்கச் சொன்னார் தனிஸ்லாஸ். ஃபவுண்டரியில் அச்சுப் பெட்டி மூடுபவர்களுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு விரலுக்கும் சொன்னார். மாசாணம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பொருத்தினார். இடைவெளியில் ஈரக் களியைக் குழைத்துப் பூசி, நடைபாதைக் குழியை அடுக்கடுக்காக இடித்து மூடினார். பன்னிரண்டேகாலுக்கு வேலை முடிந்தது.

அன்று மாலை குருவானவரிடம் போனார். பெட்டி இல்லாமல் அடக்கம் செய்யத் திருச்சபையில் தடை உண்டா என்று கேட்டார். இல்லை என்றார் அவர். பழைய பங்குகளில் ஊருக்கெல்லாம் ஒரே பெட்டிதான் இருந்தது. கல்லறைவரை சுமந்துபோய், உடலைத் துணியோடு இறக்கிவிட்டு, பெட்டியைக் கோயிலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள் என்றும் சொன்னார்.

தனிஸ்லாஸ் பட்டறைக்குத் திரும்பித் தேக்குப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். அடிப்பலகையைத் தனியாக்கி, உடல் அலுங்காமல் வெளியே வர இருபக்கமும் இழுக்கும்படி காடி வெட்டினார். சுவர்களுக்கு உள்பக்கம் லேசாகச் சரிவு கொடுத்தார். பார்க்க வந்த அப்துல் மஜீத் பெட்டிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

“கடைசில எங்க வழிக்கு வந்துபோட்டே.”

“தேக்கு என்னுது. துணி மட்டும் உன்ற வழி.”

“துணி நான் வாங்கித் தாரேன். வேண்டாங்காதே.” மஜீத் சிரிக்காமல் சொன்னார்.

தனிஸ்லாஸ் 2025 நவம்பர் 19, புதன்கிழமை அதிகாலை வீட்டில் இறந்தார். மறுநாள் மூன்று மணிக்குத் திருப்பலி நடந்தது. மூன்று பாட்டு பாடினார்கள். நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, அப்துல் மஜீத் வாங்கிய வெள்ளைத் துணியில் சுற்றி, 214ஆம் எண் கல்லறையில் மாசாணமும் மூவரும் அவரை இறக்கினார்கள். இளவேனில் டேப் வைத்து அளந்தாள். அவருக்கு மேல் மூன்றடி ஓர் அங்குலம் மண் இருந்தது. பெட்டி, இனி பங்குக்கே பொதுவாக, கோயிலுக்குத் திரும்பியது. ஆண்டு முடிவதற்குள் மேலும் இருவரை அதில் சுமந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தார்கள்.